ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி

உக்காராதீங்க சார். முன்னப்பின்ன தெரியாதவன் சொல்லுதானேன்னு நினைக்காதீங்க. மெட்ராஸ் வண்டி ஐம்பது நிமிசம் லேட்டுன்னு இப்பத்தான் அறிவிச்சான். அதுக்குள்ள இங்க இருக்கிற அத்தனை பேரும் பெஞ்சைப் பிடிச்சாச்சு, வடையைத் தாள்ல வச்சுப் பிழியுதாங்க. அந்தத் தாளைப் பாத்தீங்களா? அதைத் திரி திரிச்சா ஒரு வாரம் விளக்கு எரிக்கலாம். அந்த எண்ணெயை உள்ள தள்ளிட்டு, அப்படியே சாஞ்சு, வாயைப் பிளந்துக்கிட்டு... எனக்குக் குமட்டுது சார். ஐம்பது நிமிசம்னா என்ன தெரியுமா? ஐயாயிரம் அடி. வாங்க, என்கூட நடங்க. இந்த பிளாட்பாரம் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி எழுநூத்தி இருபது அடி. வந்ததும் எண்ணிட்டேன். பையைக் குடுங்க, நான் தூக்கிட்டு வாரேன். கனம் இருந்தா எனக்கு நல்லதுதான்.

என் பேரு குற்றாலிங்கம். பாளையங்கோட்டை. மின்வாரியத்துல முப்பத்தொரு வருசம் ரீடிங் எடுத்தவன். வீடு வீடா ஏறி, மீட்டர்ல என்ன நம்பர் நிக்குதோ அதைக் கார்டுல எழுதிட்டு இறங்கணும், அவ்வளவுதான் வேலை. கொஞ்சம் பாத்து எழுதுங்கன்னு சொல்லிக் காப்பியை நீட்டுவாங்க. தொடமாட்டேன். மீட்டர் சொல்லுததுதான் நம்பர். நம்பர்ல விளையாடுத ஆளைக் கண்டா இப்பவும் எனக்கு உடம்பு கூசும்.

நீங்க திருச்செந்தூர் பாசஞ்சருக்கா? அது இதுக்கும் பின்னாலதான். நான் வண்டி ஏற வரலை. மெட்ராஸ் வண்டியில என் தம்பி போறான். சுடலைமுத்துன்னு பேரு, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். வள்ளியூர்ல ஏறியிருப்பான். இனி மகன் வீட்டோடதான், இந்தப் பக்கம் வரப்போறதில்லை. இங்க அஞ்சு நிமிசம் நிக்கும். அந்த அஞ்சு நிமிசத்துல அவன்கிட்ட ஒரு விசயத்தைச் சொல்லிட்டு வரணும்னு என் வீட்டுக்காரி என்னைத் துரத்தி விட்டிருக்கா. சொல்லுததுக்கு ஒண்ணுமே இல்லைங்கிறது என் கட்சி. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

ஓரமா வாங்க, டிராலி வருது.

மூணரை வருசம் முந்தி எனக்கு சுகர் முன்னூத்திப் பத்து. டாக்டர் நடங்கன்னாரு. நடக்கச் சொல்லாத டாக்டர் உண்டா? நடக்காத நோயாளியும் உண்டா? எங்க மைதானத்துல காலையில நடக்க வர்ற பதினாலு பேரைச் சேத்து நான்தான் மன்றம் ஆரம்பிச்சேன். விடிகாலை நடையாளர் மன்றம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி, ஆயிரம் நாள், நடுவுல ஒரு நாள் விடக்கூடாது. மைதானத்து மூலையில இருக்கிற பிள்ளையார் கோயில்ல சூடம் கொளுத்தி, ஒவ்வொருத்தரா உள்ளங்கையால அணைச்சுச் சத்தியம் பண்ணினோம். சும்மா நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடலை. சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினா எங்க பக்கம் அது வேற.

நாப்பது நாள் நிக்கலை சார். ஒருத்தன் மழைன்னான். ஒருத்தன் மச்சினி கல்யாணம்னான். பொன்னரசு வாத்தியார்னு ஒருத்தர், பிள்ளைகளுக்கு முப்பது வருசம் ஒழுக்கம் சொல்லிக் குடுத்தவரு, ரெண்டு சுத்து சுத்திட்டு எதிர்க்கடையில உளுந்தவடைக்கு உக்காந்துருவாரு. கூப்பிட்டா, சட்னி ஒட்டின வாயோட சிரிப்பாரு. சத்தியம் பண்ணின அதே கை சார், அந்தக் கையாலதான் சட்னியை வழிப்பாரு.

அதுலயும் ஒருத்தன் இருந்தான், சங்கரபாண்டியன். ஹார்டுவேர் கடை. தினம் பன்னிரண்டாயிரம் காட்டுவான் போன்ல. இவ்வளவு தொப்பையை வச்சுக்கிட்டு எப்படின்னு எனக்குச் சந்தேகம். ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம அவன் வீட்டுக்குப் போனேன். ஐயா சாய்வு நாற்காலியில பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு. பேரப்பிள்ளை தொட்டில்ல தூங்குது. தொட்டில் கயித்துல போன் தொங்குது. மருமக ஆட்ட ஆட்ட இவருக்கு அடி ஏறுது. சீ. பச்சைப்பிள்ளைத் தொட்டில்ல வச்சுப் பொய் சொல்லுதவன் எதுல சொல்லமாட்டான்? அவன் வாசல்லயே காறித் துப்பிட்டு வந்தேன்.

நான் ஒரு நாள் விடலை. காய்ச்சல்ல நடந்திருக்கேன். புயல் மழையில வீட்டுக்குள்ள அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்திருக்கேன், ஆவுடை, அதான் என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள், தரை துடைச்சுக்கிட்டே பின்னால வந்தா. என் மகளுக்குப் பிரசவம் ஆனப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல நாலாயிரம். பேத்தி பிறந்ததும் எல்லாரும் உள்ள ஓடினாங்க. நான் அந்தச் சுத்தை முடிச்சுட்டுத்தான் போனேன். ஆவுடைக்கு முழங்கால் வலி, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னு ரெண்டு மூணு தடவை சொன்னா. நீயும் நடன்னேன். வேற என்ன சொல்ல? ஒரு மனுசனுக்கு ஒரு குறிக்கோள்னு இருந்தா, வீட்டுல உள்ளவங்கதான் முதல்ல குறுக்கே வந்து விழுவாங்க. இது நான் கண்டது.

தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் நாள் எங்க அப்பா போயிட்டாரு.

வயசு எண்பத்தெட்டு. கல்யாணச் சாவு, ஒரு குறையும் இல்லை. ஆனா நேரம் பாத்தீங்களா? விடியக்காலம் நாலரை. நான் ஷூ கயிறு கட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு ரெண்டு மணி நேரம் கழிச்சுன்னா மைதானத்துல முடிச்சுட்டு வந்திருப்பேன். நான் மூத்தவன், கொள்ளி நான்தான் வைக்கணும். அப்புறம் எங்கேருந்து வெளிய போறது? ஆள் வர வர வாசல்ல நின்னு கை குடுக்கணும். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கொல்லைப்புறம் போய் போனைப் பாத்தேன். ஆயிரத்து நூத்து நாப்பது. எனக்கு அழுகை வந்துட்டு சார். காலையில இருந்து வராத அழுகை, கிணத்தடியில நின்னு தேம்பித் தேம்பி அழுதேன். அதைப் பாத்துட்டு உள்ள பொம்பளைங்க பேசிக்கிட்டாங்களாம், மூத்த பிள்ளை யாருக்கும் தெரியாமப் போய் அழுதுட்டு வாரான்னு.

எங்க முறை தெரியும்லா? கொள்ளி வச்சுட்டு வந்தவன் அன்னைக்கு வாசப்படி தாண்டக்கூடாது. விளக்கு பக்கத்துல மூலையில துண்டை விரிச்சு உக்காரணும். சுத்திச் சொந்தக்காரங்க இருப்பாங்க. அப்போ நான் என்ன பண்ண? போற வழியிலயும் வர்ற வழியிலயும் முடிச்சாத்தான் உண்டு. சுடுகாடு மூணு கிலோமீட்டர். நாலாயிரம் போக, நாலாயிரம் வர. மனசுக்குள்ள கணக்கு ஓடுச்சு.

தம்பி அமரர் ஊர்திக்குச் சொல்லி வச்சிருந்தான். கண்ணாடி போட்ட வண்டி, வாசல்ல வந்து நிக்கவும் செஞ்சாச்சு. நான் ஒரே பேச்சுல நிறுத்தினேன். அப்பாவை வண்டியில ஏத்த விடமாட்டேன், தோள்லதான் போகணும், நான் நெருப்புச் சட்டியோட முன்னால நடக்கேன்னேன். தம்பி ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டான். நான் இதை யோசிக்கலையேண்ணேன்னு அழுதான். எங்க சித்தப்பா, இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையான்னு என் தலையில கை வச்சாரு. நான் எதுவும் சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? அப்பா தோள்ல போறது நல்லதுதானே. நல்லது நடக்குது, அதுல எனக்கும் நாலு அடி கிடைக்குது.

அதுக்கு முந்தி நீர்மாலை. குளிப்பாட்டத் தண்ணி எடுக்கப் போறது. தெருக்குழாய் போதும்னாங்க. அப்பாவுக்கு வாய்க்கால் தண்ணிதான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். போக வர எண்ணூத்தி அறுபது. ஈர வேட்டியில போன் நனைஞ்சுரும்லா? ரெண்டு பால் கவர் போட்டு, ரப்பர் பேண்டு சுத்தி, அரைஞாண் கயித்துல கட்டி உள்ள விட்டுக்கிட்டேன்.

வைகாசி வெயில். தார் ரோடு. செருப்பு கிடையாது. தம்பிக்கு பிரஷர், மாத்திரை முழுங்குத உடம்பு. பாடையோட முன்பக்கத்துக் கம்பைப் பிடிச்சவன் சுடுகாடு வரைக்கும் தோள் மாத்தலை. மாத்திக்கோன்னு எல்லாரும் சொன்னாங்க. அண்ணன் சட்டியை மாத்தலையே, நான் எப்படி மாத்துவேன்னான். வெள்ளந்தி. சின்னதுல இருந்தே அவன் அப்படித்தான்.

ரெண்டு பேரும் மொட்டை போட்டு, கொள்ளி வச்சாச்சு. திரும்பிப் பாக்காமப் போங்கன்னாங்க. ஆத்துல முங்கிட்டு எல்லாரும் ஆட்டோவுலயும் வேன்லயும் ஏறினாங்க. நான் நடந்தேதான் போவேன்னேன். அப்பவும் யாருக்கும் சந்தேகம் வரலை, துக்கத்துல நடக்கான்னு விட்டுட்டாங்க. தம்பி மட்டும், அண்ணன் நடந்தா நானும் நடக்கேன்னு பின்னாலயே வந்தான்.

பாதி வழி வரைக்கும் அவன் செருமுத சத்தம் கேட்டுக்கிட்டே வந்துச்சு. அப்புறம் கொஞ்சம் பின் தங்கினான். அப்போதான் கூப்பிட்டான். "அண்ணே, கை ஒரு மாதிரி வருது. செத்த நில்லு." மறுபடியும் ஒரு தடவை கூப்பிட்டான்.

கேட்டுச்சா கேக்கலையான்னா, கேட்டுச்சு. நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா கொள்ளி வச்சவன் திரும்பிப் பாக்கக்கூடாது சார். அது சாஸ்திரம். நானா ஏற்படுத்தினேன்? அதோட நடைக்குன்னு ஒரு வேகம் இருக்கு, நின்னா விட்டுப்போகும். பின்னாலயே வந்துருவான்னு நினைச்சேன். நினைச்சேன்லா, அது போதாதா?

வீட்டு வாசல்ல ஆவுடை சொம்போட நிக்கா, கால்ல தண்ணி ஊத்த. ஒரு கால் கழுவியாச்சு. அந்த நேரம் பாத்து என் இடுப்புல இருந்து கைதட்டுத சத்தம் வருது. போன்ல அடி எண்ணுத ஆப் இருக்குலா, பத்தாயிரம் ஆச்சுன்னா அதுல கைதட்டுவான் சார், படபடன்னு, கூட ஒரு பாட்டும் வரும். நான் சத்தத்தை அணைக்க மறந்துட்டேன். மத்த பொம்பளைங்க ஏதோ போன் வருதுன்னு நினைச்சுக்கிட்டாங்க. ஆவுடைக்குத் தெரியும், தினம் கேக்குத சத்தம்லா. சொம்பைப் பிடிச்ச கை அப்படியே நின்னுட்டு. என் முகத்தைப் பாத்தா. அப்பாவைத் தோள்ல தூக்கினது, வாய்க்கால் தண்ணி, எல்லாம் அவளுக்கு அந்த ஒரு நிமிசத்துல விளங்கிட்டு. இன்னொரு காலுக்குத் தண்ணி ஊத்திட்டு உள்ள போயிட்டா.

கால் மணி நேரம் கழிச்சுத்தான் ஒரு ஆட்டோக்காரர் வந்து சொன்னாரு, மொட்டைத்தலையோட ஒருத்தர் ரோட்டோரம் விழுந்து கிடக்காருன்னு. குடிச்சுட்டுக் கிடக்கான்னு நிறைய பேர் தாண்டிப் போயிருக்காங்க. பக்கவாதம். இடது கையும் காலும் போச்சு, வாயும் கோணிட்டு. கொஞ்சம் முந்தியே கொண்டு வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதுன்னு டாக்டர் சொன்னாராம். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

ஆயிரமாவது நாள், அப்பாவுக்குப் பதினாறு கழியக்கூட இல்லை, மொட்டை மாடியில நடந்து முடிச்சேன். நடையை முடிச்ச கையோட பிள்ளையாருக்குச் சூடம் காட்டப் போனேன். பதினாலு பேர்ல ஒருத்தனாவது வருவான்னு பாத்தேன். வந்தது யாருன்னு நினைக்கீங்க? சங்கரபாண்டியன். பொன்னாடை வாங்கிட்டு வந்து என் தோள்ல போடுதான். தொட்டில்ல போனை ஆட்டினவன் கை சார் அது. வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையைத் தூர எறிஞ்சேன். ஆவுடை அதைப் பாத்துக்கிட்டே அரிசி களைஞ்சா.

பத்து மாசம் ஆச்சு, அவ என்கூடப் பேசி. சோறு வைப்பா, போயிருவா. தம்பியை அவன் பொண்டாட்டி அவ ஊரான வள்ளியூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. ஆவுடை முழங்கால் வலியோட மாசம் ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டு வருவா. நீங்க போகலையான்னு கேக்காதீங்க. போக வர மூணு மணி நேரம் பஸ்ல உக்காந்தே இருக்கணும் சார்.

நேத்துதான் வாயைத் திறந்தா. "நாளைக்கு அவர் போறாரு. அன்னைக்கு எதுக்காக நடந்தீங்கன்னு உங்க வாயால அவர்கிட்டச் சொல்லிட்டு வாங்க. அவர் தெரியாமலே போகக்கூடாது. சொல்லலைன்னா நான் மக வீட்டுக்குப் போயிருதேன், திரும்பி வரமாட்டேன்." நான் சாஸ்திரத்தைச் சொன்னேன். அதுக்கு அவ கேக்கா: "திரும்பிப் பாக்கத்தானே கூடாது? நிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினவனோட வேதனை, அணைக்காதவளுக்குத் தெரியுமா? ஊர்ல எவனும் எதையும் முடிக்குறது கிடையாது. பாதியில விட்டவன்லாம் நல்லவன், வடை தின்னவன் நல்லவன். ஒருத்தன் சொன்னதைச் செஞ்சு முடிச்சா அவன் குற்றவாளி. அருவருப்பா இருக்கு சார் இந்த உலகத்தைப் பாத்தா.

மணி அடிக்கான். வண்டி வருதுபோல. எஸ்-டூ பெட்டி, அது முன்னால நிக்கும், நாம பின்கோடிக்கு வந்துட்டோம். பையைப் பிடிங்க. நீங்க இங்கயே இருங்க, நான் போய்ச் சொல்லிட்டு வந்துருதேன். சொன்னா என்ன, தலையா போயிரும்? சொல்லிருதேன்.

*

இருக்கீங்களா சார்? நல்லவேளை. உங்க வண்டி வந்து ஏறிட்டீங்களோன்னு பயந்துட்டேன்.

பாத்தேன். ஜன்னல் பக்கம் உக்கார வச்சிருக்காங்க. எனக்கு அடையாளம் தெரியலை சார். பாதி முகம் தொங்கிட்டு. எச்சில் ஒழுகுது, அவன் மருமக துண்டால துடைச்சுக்கிட்டே இருக்கா. என் தம்பிதான், நான் தூக்கி வளத்தவன்தான், ஆனா அந்த எச்சிலைப் பாத்ததும் எனக்குக் குமட்டிட்டு வந்துச்சு. உள்ளதைச் சொல்லுதேன். வடைக்காரனுங்களைப் பாத்து வந்ததுலா, அதே குமட்டல்.

என்னைப் பாத்ததும் நல்ல கையை ஜன்னல் கம்பிக்கு வெளிய நீட்டினான். பிடிச்சேன். சுடலை, அன்னைக்குன்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சேன் சார், வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவன் ஏதோ பேச ஆரம்பிச்சுட்டான். ஒண்ணும் புரியலை, கொழகொழன்னு வருது. மருமகதான் எடுத்துச் சொன்னா.

"பெரிய மாமா, அன்னைக்குத் தாத்தாவைத் தோள்ல கொண்டுபோனீங்கள்லா, அதைத்தான் மாமா சொல்லுதாங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் இதைத்தான் சொல்லுவாங்க. எங்க அண்ணன் மட்டும் சொல்லலைன்னா எங்க அப்பா வண்டியிலதான் போயிருப்பாரு, ஒரு கையும் காலும் போனா போகட்டும், அந்தப் புண்ணியம் யாருக்குக் கிடைக்கும்னு."

அவ சொல்லி முடிக்கவும் அவன் என்னையே பாக்கான். அந்தக் கோணின வாயில சிரிப்பு வருது. ஆமாதானேண்ணேங்கிற மாதிரி கையை அமுக்குதான்.

ஆமாடேன்னு சொல்லிட்டேன்.

வண்டி நகந்துட்டு. அஞ்சு நிமிசம்னாங்க, ரெண்டு நிமிசம்கூட நிக்கலை.

நீங்களே சொல்லுங்க, அதுக்கப்புறம் எப்படி சார் சொல்ல? அவன்கிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டு அனுப்பச் சொல்லுதாளா? பாவம்லா அது? அவனுக்காகத்தான் சொல்லலை. எனக்காக இல்லை. இதை ஆவுடைகிட்ட விளக்கினா அவ கேப்பாளா? மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் பெட்டியைத் தூக்குவா. நேத்தே சேலையெல்லாம் மடிச்சு வச்சாச்சு, பாத்தேன். அறுபத்தஞ்சு வயசுல நான் தனியா என்ன பண்ணுவேன்? எனக்கு ஒரு கஞ்சி வைக்கத் தெரியாது சார்.

நான் சொல்லிட்டேன்னு சொன்னா நம்பமாட்டா. முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுருவா. ஆனா வேற ஒருத்தர் சொன்னா நம்புவா, அதுவும் உங்களை மாதிரி அமைதியான ஆள். நீங்கதான் இவ்வளவு நேரம் என்கூட இருந்தீங்கல்லா. ஒரே ஒரு வார்த்தை சார். உங்க வீட்டுக்காரர் தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதாரும்மா, நான் பக்கத்துல நின்னு கேட்டேன்னு. இதுல என்ன பெரிய பொய் இருக்கு? சொல்லத்தானே போனேன்?

யோசிக்காதீங்க சார். நம்பரைப் போட்டுட்டேன், ரிங் போகுது. இந்தாங்க, பிடிங்க.